ஐந்து மீட்டர்க்காரர்

'தப்பு என்னோடதுதான்' என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டதேயில்லை. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் ஏழு வருடம் பழகியிருக்கிறேன். அவர் தப்புச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அதைச் சத்தமில்லாமல் சரிசெய்வதையும் பார்த்திருக்கிறேன். சரிசெய்த கையோடு, முதலிலிருந்தே எல்லாம் தன் திட்டப்படிதான் நடந்தது என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சாப்ட்வேர் வேலை. மடிப்புக் கலையாத சட்டை, பையில் ஒரு குட்டி நோட்டு. எதையும் எழுதிவைப்பார். டிராம் எத்தனை நிமிடம் தாமதம், ஹீட்டரை எந்தத் தேதியில் போட்டார், யார் வீட்டில் எந்தப் பொரியல் சாப்பிட்டார், எல்லாம் அதில் இருக்கும். என்னை 'அம்மணி' என்பார், நான் 'அண்ணா' என்பேன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஹனோவர்த் தமிழர்கள் என்னைத்தான் ஏசுவார்கள். வீடு மாற்ற ஆள் வேண்டுமா, விமான நிலையத்துக்குக் கார் வேண்டுமா, பிரசவ வார்டுக்கு ரசம் வேண்டுமா, அவர் வந்து நிற்பார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர்தான். என் ஆத்திரமே அதனால்தான். கெட்டவனாக இருந்திருந்தால் ஒருதரம் திட்டித் தீர்த்துவிட்டு மறந்துபோயிருப்பேன்.

ஒரு கோடைக்காலத்தில் எங்கள் எட்டுப் பேரை ஹாம்பர்க் பார்க்கக் கூட்டிப்போனார். ரயில் ஏறி அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர் நோட்டை எடுத்தார், பார்த்தார், மூடினார். அடுத்த ஸ்டேஷனில் எழுந்து, "இறங்குங்க, இறங்குங்க, இந்த ஊர்ல ஒரு பேக்கரி இருக்குதுங்க, சாப்பிடாம போனா பாவம்" என்றார். இறங்கினோம். பிளம்ஸ் கேக் சாப்பிட்டோம். பிறகு எதிர்ப்பக்க நடைமேடையில் ஏறி வந்த வழியே திரும்பினோம். நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்திருக்கிறோம் என்று மாலையில்தான் எனக்கு உறைத்தது. கேக் நன்றாக இருந்தது என்று அத்தனை பேரும் அவருக்கு நன்றி வேறு சொன்னோம்.

இன்னொரு தடவை பொங்கல் கூட்டத்துக்குச் சாம்பார் அவர் பொறுப்பு. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ருசி பார்த்தவர் முகம் ஒரு விநாடி மாறியது. ஆறு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டார், வெந்நீரை ஊற்றினார், தேங்காய்ப்பால் டப்பா ஒன்றை உடைத்துக் கவிழ்த்தார். பந்தியில் யாரோ கேட்டதற்கு, "எங்க பக்கத்துல இப்படித்தானுங்க வைப்போம்" என்றார். இரண்டு பெண்கள் செய்முறை எழுதிக்கொண்டு போனார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஜெர்மனியில் பேட்டைக்குப் பேட்டை ஒரு துப்பாக்கிச் சங்கம் உண்டு. கீழே சுடுதளம், மேலே பீர். சுவர் நிறைய மாலையும் மெடலுமாகப் பழைய சாம்பியன்களின் படங்கள். எங்கள் வீட்டுப் பக்கத்துச் சங்கத்தில் அவர் எனக்கு முன்பே உறுப்பினர். நான் திருச்சியில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் சுட்டவள். நாங்கள் தரையில் படுத்திருப்போம், ஹவில்தார் துப்பாக்கிக் குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். தோட்டா இல்லாமல் விசையை இழுக்க வேண்டும், நாணயம் விழக் கூடாது. எனக்கு விழாது. அந்தத் தைரியத்தில்தான் சங்கத்தில் சேர்ந்தேன். பத்து மீட்டர் தூரத்தில் சுடும் காற்றுத் துப்பாக்கி. அணித்தலைவி ஹெல்கா அறுபது வயதுப் பெண்மணி, ஒரு பேச்சு அதிகம் பேசமாட்டாள். நான் சுட்ட குறி அட்டைகள் நாலைந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "குளிர்கால லீக் போட்டியில் நம் அணிக்கு நீ மூன்றாவது ஆள்" என்றாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த ஊரில் முதன்முதலாக ஒரு இடத்தில் என்னை எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்கள் அல்லவா!

அந்த அக்டோபரில்தான் அவர் அந்தப் பெட்டியை வாங்கினார்.

குண்டு போடாமல் பழகுவதற்கான கருவி அது. தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரைத் துப்பாக்கிக் குழலின் கீழே மாட்டுவார்கள். எதிர்ச் சுவரில் குறிப்பலகையைச் சுற்றி ஒரு சட்டம். சென்சாரிலிருந்து வயர் லேப்டாப்புக்குப் போகும். குறி பார்க்கும்போது துப்பாக்கி முனை எங்கெல்லாம் அலைகிறதோ அதெல்லாம் திரையில் கோடாக விழும். முதலில் பச்சை, விசையை இழுப்பதற்குச் சற்று முன் மஞ்சள், இழுத்தபின் சிவப்பு. 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அட்டையில் ஓட்டை விழாது, ஆனால் உங்கள் கை செய்த அத்தனை சேட்டையும் திரையில் நிற்கும்.

"அட்டை நடுவுல பத்து விழறது லக்குங்க அம்மணி. இது பொய் சொல்லாது" என்றார். வீட்டு நடையில் தானே பழகி எடுத்த கோடுகளை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினார். ஒரு சின்ன நூல் உருண்டை மாதிரி அடக்கமாக இருந்தன. பிறகு சங்கத்தில் என் துப்பாக்கியில் மாட்டினார். நான் குறி பார்த்தேன், 'டிக்'. திரையைத் திருப்பினார். என் கோடு பூனை கலைத்த நூல்கண்டாகக் கிடந்தது.

ஹெல்கா அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். மற்றவர்கள் ஒருதரம் வேடிக்கை பார்த்துவிட்டு மேலே பீருக்குப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு மணி நேரம். ஒவ்வொரு வாரமும் அவர் நூல் உருண்டையைக் காகிதத்தில் கொண்டுவருவார், பக்கத்தில் என் நூல்கண்டைத் திரையில் வைப்பார். "என்னுங்க இது, இவ்வளவு ஆடுது?" நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன், காலை அகட்டிப் பார்த்தேன், காபியை விட்டுப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நிஜ அட்டையிலும் புள்ளிகள் சிதற ஆரம்பித்தன. நவம்பரில் ஹெல்கா என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ரிசர்வில் இரு" என்றாள். திட்டவில்லை. தோளைத் தட்டினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த வாரம்தான் அவர் கேட்டார். லேப்டாப்பை மடித்துக்கொண்டே, ஏதோ வெயில் மழை விசாரிப்பதுபோல் கேட்டார்.

"ஏன் அம்மணி, வீட்ல யாருக்காச்சும் கை நடுக்கம் இருக்குதுங்களா?"

"அப்பாவுக்கு" என்றேன்.

"அப்ப அதானுங்க" என்றார். "பரம்பரையா வருமுங்க. எதுக்கும் ஒரு நரம்பு டாக்டரைப் பாத்துருங்க."

அப்பா தபால் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஜெர்மனிக்குப் புறப்பட்ட வருடம்தான் வலது கையில் ஆரம்பித்தது. டம்ளரில் பாதிக் காபிதான் ஊற்றச் சொல்வார். முழுதாக ஊற்றினால் வேட்டியெல்லாம் காபியாகிவிடும். பாதி பாதியாக இரண்டு தடவை குடிப்பார், "இப்ப ரெண்டு காபி குடிச்ச கணக்கு" என்று ஜோக்கடிப்பார். பேச்சில் மன்னன் அப்பா. கையை மறைக்கத்தான் அத்தனை பேச்சு என்று அம்மா சொல்வாள்.

கை நடுக்கம் பற்றி அண்ணா கேட்ட மறுநாள் ஆபீசில் காபி மெஷின் முன்னால் நின்றேன். கப் பாதி நிறைந்ததும் நிறுத்திவிட்டேன். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை, கை தானாகச் செய்தது. மீட்டிங்கில் பேனாவை மேஜைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். படுக்கையில் விரல்களை விரித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கையும் நடுங்கும், அது அப்போது புத்தியில் ஏறவில்லை. நரம்பு டாக்டரிடம் நேரம் கேட்டால் பிப்ரவரி என்றார்கள். ஜெர்மனியில் உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் எல்லாம் பிப்ரவரிதான்.

டிசம்பரில் ஊருக்குப் போக மூன்று வார லீவும் டிக்கெட்டும் இருந்தது. ரத்து செய்தேன். காரணத்தை இன்றைக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்: அப்பாவின் எதிரில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. அவர் கையைப் பார்த்தால் என் கையைப் பார்ப்பதுபோல் இருக்கும். போதாக்குறைக்கு அவர் என் கையைப் பார்த்துவிட்டால்? தன்னிடமிருந்துதான் எனக்கு வந்தது என்று தெரிந்தால் அந்த மனிதர் அதன் பிறகு ஒரு ஜோக் அடிப்பாரா?

"ஏம்மா வரல?" என்றார் போனில். குரல் கணீரென்று இருந்தது.

"ப்ராஜெக்ட்பா. லீவு குடுக்கல."

"உன் கம்பெனிக்காரன் கிட்ட போனைக் குடு, நான் பேசறேன். எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன் வார்த்தை ரெண்டு இருக்கு, ரெண்டுமே கார் பேரு" என்றார். சிரித்தேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை, சங்கத்தில் அண்ணா பெட்டியை மாட்டினார். 'டிக்'. திரையைத் திருப்பியவர் முகத்தில் அந்தச் சிரிப்பு.

"பாத்தீங்களா அம்மணி! பாதியா குறைஞ்சிருச்சுங்க! நான் சொன்ன மூச்சுப் பயிற்சி வேலை செய்யுது பாருங்க!"

உண்மைதான். நூல்கண்டு நூல் உருண்டையாகச் சுருங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்ணா, ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர், "அட, விடுங்க அம்மணி" என்று தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தார்! இதை எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அப்படியும் பயம் போகவில்லை. சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் மோசமாக இருக்கும், அந்த வியாதி அப்படித்தான் என்று எங்கோ படித்திருந்தேன். பிப்ரவரியில் டாக்டரிடம் போகும் நாள் காலையில் அவரே காரோடு வந்தார். "தனியா எதுக்குங்க போகணும்?" வழியெல்லாம் பனி. காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார், மோர்மிளகாய்கூட இருந்தது. நான் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "ஒண்ணும் இருக்காதுங்க, பயப்படாதீங்க" என்று நாலு தடவை சொன்னார்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், காகிதத்தில் ஒரு நத்தைச் சுருள் வரையச் சொன்னார். வரைந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "என் கை இதைவிட நடுங்கும். யார் உங்களிடம் இப்படிச் சொன்னது?" என்று கேட்டார். நான் வெளியே வந்து சொன்னேன். அவர் எழுந்து, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல" என்றார்.

உண்மை மார்ச்சில்தான் வெளிவந்தது. அவர் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தார், லேப்டாப்பைச் சங்கத்தின் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை நானே தனியாகப் பழகலாம் என்று திறந்தேன். என் பழைய கோடுகள் எல்லாம் தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொரு நாளின் தலைப்பிலும் ஒரு வரி: துப்பாக்கிக்கும் பலகைக்கும் உள்ள தூரம். அக்டோபரிலிருந்து ஜனவரிப் பொங்கல்வரை 'ஐந்து மீட்டர்'. அடுத்த செவ்வாயிலிருந்து 'பத்து மீட்டர்'.

பழைய கோடுகளையும் புதிய கோடுகளையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன்.

அந்தப் பெட்டிக்குத் தூரம் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அவர் வீட்டு நடை ஐந்து மீட்டர், சங்கத்தின் சுடுதளம் பத்து மீட்டர். வீட்டில் 'ஐந்து' என்று பதிந்துவிட்டு, சங்கத்துக்கு வந்தபோது மாற்ற மறந்திருக்கிறார். டார்ச் லைட்டைப் பக்கத்துச் சுவரில் அடித்துக் கையை ஆட்டிப் பாருங்கள், பிறகு இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் சுவரில் அடித்து அதேபோல் ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம் அங்கே இரண்டு மடங்கு அலையும். கை ஒன்றுதான். பலகை பத்து மீட்டரில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பெட்டி அதற்கேற்பக் கணக்கிட்டிருக்கும். ஐந்து என்று சொல்லிவைத்ததால், அத்தனை அலைச்சலையும் என் கைமேல் போட்டது. நான் நடுங்கியதை இரண்டால் பெருக்கி, அதைத்தான் நான்கு மாதம் எனக்குக் காட்டியிருக்கிறார்.

மறதி மனிதர்களுக்கு இயல்பு. அதற்காக நான் இவ்வளவு கோபப்படவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. எழுதாமல் இருப்பாரா அவர்? அந்த ஜனவரிச் செவ்வாயின் கட்டத்தில் ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்ததன் பொருள் இது: 'தூரம் தவறாக இருந்தது. திருத்தப்பட்டது. பழைய பதிவுகள் செல்லாது.'

செல்லாது! லேப்டாப்பிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணீர்விட்டபோது தெரியும். பனியில் காரோட்டியபோது தெரியும். 'ஒண்ணும் இருக்காதுங்க' என்று நாலு தடவை சொன்னபோது, ஒன்றும் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகவே தெரியும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தவருக்கு ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டு வர முடியவில்லை.

என் வேலை என்னவென்று இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற பொறியாளர் நான். எந்தக் கருவி கையில் வந்தாலும் என் முதல் கேள்வி, இதைக் கடைசியாகச் சரிபார்த்தது யார் என்பதுதான். சரிபார்த்த சீட்டு ஒட்டாத வெர்னியர் அளவுகோலை யாராவது தொட்டால் கத்துவேன். அப்படிப்பட்ட நான், என் கையைப் பற்றிய சேதியைச் சீட்டு ஒட்டாத ஒரு பெட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், ஹெல்கா பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் வந்ததும் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும்: பேக்கரியும் உருளைக்கிழங்கும் வரும். அதனால் ஏப்ரல்வரை காத்திருந்தேன். சீசன் முடிந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சங்கத்தைச் சுற்றிக்காட்டும் மாலை. பெட்டியை எல்லோருக்கும் செய்துகாட்டச் சொன்னால் என்ன என்று ஹெல்காவிடம் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். "அண்ணா நீங்க சுடுங்க, லேப்டாப்பை நான் பாத்துக்கறேன்" என்றேன். சங்கத்தில் அவர் துப்பாக்கியில் அந்தச் சென்சார் ஏறியது அதுதான் முதல் தடவை.

தூரத்தை 'ஐந்து' என்று மாற்றினேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நிற்க, குறி பார்த்தார். 'டிக்'. திரையை எல்லோர் பக்கமும் திருப்பினேன். பூனை கலைத்த நூல்கண்டு. யாரோ ஒரு புது ஆள் லேசாகச் சிரித்தான். அவர் திரையைப் பார்த்தார், பிறகு தலைப்பில் அந்த வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அரை விநாடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

அவர் சொல்ல வேண்டியது மிகச் சின்ன விஷயம்: 'தூரம் தப்பா இருக்குதுங்க.' ஆனால் அதைச் சொன்னால், தூரம் தப்பாக இருந்தால் கோடு இப்படி ஆடும் என்று தமக்குத் தெரியும் என்றாகிவிடும். எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்பேன். அத்தனை பேர் முன்னால் கேட்பேன்.

"வீட்ல யாருக்காச்சும் கை நடுக்கம் இருக்குதுங்களாண்ணா?" என்றேன் தமிழில்.

அவர் ஹெல்கா பக்கம் திரும்பி, "இன்று கை கொஞ்சம் சரியில்லை" என்று ஜெர்மனில் சொன்னார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நடுக்கம் தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார் மனிதர்! தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஹெல்கா பயந்துபோனாள். இந்த வயதில் அலட்சியம் கூடாது என்றாள். நான் போன அதே நரம்பு டாக்டரிடம் மறுநாளே அவளே போன் செய்து அவருக்கு நேரம் வாங்கிவிட்டாள். ஆகஸ்ட் என்றார்கள். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஏதாவது சாக்குச் சொல்லி ரத்து செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "நான் கூட வரேண்ணா" என்றேன். "வாங்க அம்மணி" என்றார்.

ஜூனில் ஊருக்குப் போனேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார், என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடி சொன்னார். வாய்க்குள்ளேயே குழைந்து, முனகலாக வந்தது. அம்மா, "பிப்ரவரிலேர்ந்து இப்படித்தான். போன்ல ஏன் பேசறதில்லைன்னு நெனச்சே? அவருக்கு வெக்கம்" என்றாள். நான் வராமல்போன அந்த டிசம்பரில் அவர் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம். என் மூன்று வாரத்துக்கு என்று சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அவர்களிடம் பேசித் தீர்த்திருக்கிறார்.

ஆகஸ்டில் மறுபடி அதே காத்திருக்கும் அறை, அதே நாற்காலிகள். இந்தத் தடவை நோயாளி அவர். அவர் காரில்தான் வந்தோம். அவருக்கு வியாதி இல்லை என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். உலகத்தில் எந்த இரண்டு பேராவது இப்படி ஒரு டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார்களா? கண்றாவி. நான் ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து, "வாங்கண்ணா, வீட்டுக்குப் போலாம்" என்றிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான் கேட்டேன்.

நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "அப்பா எப்படி இருக்காருங்க அம்மணி?"

"பேச்சு போயிருச்சுண்ணா" என்றேன். "டிசம்பர்ல நல்லா பேசிட்டிருந்தாரு. நான்தான் போகல. ஏன் போகலன்னு உங்களுக்குத் தெரியும்."

நோட்டை மூடினார். என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. கண் கலங்கியிருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, உள்ளே போய்விட்டார். மூக்கைத் தொட்டுக்காட்டவும் நத்தைச் சுருள் வரையவும் போனார்.

கால் மணி நேரத்தில் வந்தார். "ஒண்ணுமில்லைன்னுட்டாருங்க" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாரு பிப்ரவரில. அதுக்கு மூணு வாரம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"பார்க்கிங் ரெண்டு மணி நேரந்தானுங்க அம்மணி" என்றார். "வாங்க, போலாம்."

நான் அவர் காரில் ஏறவில்லை. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதும், பிறகு மெதுவாக மூடியதும் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் டிராம் நிறுத்தம். அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில் என்று பலகை காட்டியது. ஊரில் சாயங்காலமாக இருக்கும். செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன், அம்மா எடுத்தாள். அப்பா காதில் வைக்கச் சொன்னேன்.

"அப்பா, டிசம்பர்ல லீவு இருந்துச்சுப்பா. கம்பெனில குடுத்தாங்க. நான்தான் வரல. பயந்துக்கிட்டு வரல. உங்ககிட்ட பொய் சொன்னேன். தப்பு என்னோடதுதான்பா."

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு அந்தக் குழைந்த குரல், நீளமாக ஏதோ சொன்னது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அம்மா போனை வாங்கினாள்.

"என்னம்மா சொன்னார்?"

"தெரியலடி. மூணு தடவை கேட்டேன், எனக்கே புரியல. ஆனா சிரிக்கிறார்."

டிராம் இன்னும் வரவில்லை. பலகையில் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.